சும்மா இருக்கும் அடுப்பு

எட்டாம் நம்பர் வீடு தான் நின்ற இடத்தை விட்டுக் கிளம்பிப் போய்ப் பதிமூன்றாம் நம்பர் வீட்டோடு ஒட்டிக்கொண்ட அந்த ஆனி மாதத்துக் காலையில், முதலில் அதைத் தெரிந்துகொண்டவள் நான்தான், எப்படியென்றால் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தவள் என் வீட்டுக் கிழக்குச் சுவரில் வெயில் படுவதைப் பார்த்தேன், லைன் கட்டின நாளிலிருந்து எட்டாம் நம்பரின் சுவரோடு ஒட்டி நின்று வெயில் என்றால் என்னவென்றே தெரியாத சுவர் அது, புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரிக் கூச்சத்தோடு நின்றது. எட்டாம் நம்பர் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் இருந்தது, புல்லில் பனி இருந்தது, பனியில் யாரும் நடந்த தடம் இல்லை. நான் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒன்பதாம் நம்பர் இருதயமேரியைக் கூப்பிட்டேன், அவளும் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துணி காயப்போட நல்ல இடம் என்றாள்.

எங்கள் லைன் எது என்று சொல்லிவிடுகிறேன். மஞ்சக்கயம் எஸ்டேட்டின் கீழ்ப் பிரிவில், தேயிலைச் சரிவுக்கு மேலே, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பதிமூன்று வீடுகள், சரிவுக்குக் கீழே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கமும் தேயிலை, வருஷத்தில் எட்டு மாதம் மஞ்சு இறங்கி எதிரே வருகிற ஆள் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஏழாம் நம்பர் எஸ்தர், கொழுந்து பறிக்கிறவள், கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும் என்று கங்காணி வெள்ளைச்சாமி சொல்வார், அதில் பாதிதான் புகழ்ச்சி என்று எனக்குத் தெரியும்.

தவளை டீச்சர் வந்தது அதற்கு முந்தின வருஷம். மெஹருன்னிசா என்று பெயர், கீழே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள், பாடம் நடத்துகிற டீச்சர் இல்லை என்று அவளே பல தடவை சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு நோட்டில் எழுதுகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது. பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக் காப்பகத்தை எஸ்டேட்டில் அவளுக்குத் திறந்துவிட்டார்கள். தொட்டில் தொங்கின கொக்கியில் அவள் விளக்கைத் தொங்கவிட்டு, அதன் கீழே மைக்ராஸ்கோப்பை வைத்து, சுவரோரமாக ஈரத்துணி போட்ட டப்பாக்களில் தவளைகளை வைத்தாள். எங்கள் தேயிலைச் செடியில் இருக்கிற சொடுக்குத் தவளைதான், பெருவிரல் நகத்தளவு இருந்துகொண்டு விரல் சொடுக்குகிற மாதிரிச் சத்தம் போடும், குளம் குட்டை தேடாமல் இலையிலேயே முட்டை வைக்கும், முட்டைக்குள்ளிருந்து தலைப்பிரட்டையாக வராமல் நேராகத் தவளையாகவே குதித்து வெளியே வரும், அப்படி ஓர் அவசரக்குடுக்கை. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டோம். தவளையை இல்லை, தவளைக்கு உள்ளே இருக்கிறதைப் பார்க்க வந்தேன் என்றாள்.

உள்ளே இருந்தது குரோமோசோம். அந்தப் பெயர் எங்கள் வாயில் நிற்கவில்லை, நாங்கள் குச்சி என்றோம். அம்மா கொடுத்த குச்சி ஒன்று, அப்பா கொடுத்த குச்சி ஒன்று என்று ஜோடி ஜோடியாக எல்லா உயிருக்குள்ளும் இருக்குமாம், இந்தத் தவளைக்குப் பதிமூன்று ஜோடி. ஒவ்வொரு குச்சிக்கும் ஓர் இடத்தில் இடுப்பு ஒடுங்கியிருக்கும், உடம்பு வளர்வதற்காக ஒரு செல் இரண்டாகப் பிரிகிற நேரத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் நூல் மாதிரி ஒன்று வந்து அந்த இடுப்பைப் பிடித்துத்தான் குச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் ஆடு மாடு வாய் வைத்துவிடுமோ என்று பயந்து பிடுங்கிப் போடுகிற கண்வலிக் கிழங்கு இருக்கிறதே, அதிலிருந்து எடுத்த மருந்தைத் தவளைக்குத் துளி கொடுத்தால், பிரியப் போகிற செல்லெல்லாம் அந்த நிமிஷத்திலேயே அப்படியே நின்றுவிடும். பிறகு அவள் நாற்காலிமேல் ஏறி நின்று, கீழே ஐஸ் தண்ணீரில் நனைத்து வைத்த கண்ணாடித் துண்டில் ஒரே ஒரு சொட்டு விடுவாள், உயரத்திலிருந்து விழுந்தால்தான் செல் உடைந்து குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்காமல் விரியும் என்பாள், நாங்கள் ஜன்னலில் நின்றுகொண்டு மூச்சுவிடாமல் பார்ப்போம், குறி தப்பினால் ஐயோ பாவம் என்போம்.

அந்தக் குச்சிகளுக்கு ஊதாச் சாயம் ஏற்றிப் படம் எடுத்து, படத்தைப் பெரிசாகக் கழுவி வாங்கி வந்து, ஒவ்வொரு குச்சியாக நகம் வெட்டுகிற கத்தரிக்கோலால் வெட்டி, ஜோடி சேர்த்து, நீளமானது முதலில் குட்டையானது கடைசியில் என்று அட்டையில் ஒட்ட வேண்டும். அவள் ஒரு படத்துக்கு ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துக்கொண்டாள். கொழுந்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துப் பார்த்துப் பழகின கண் எங்களுக்கு, நானும் இருதயமேரியும் உட்கார்ந்தால் டீ ஆறுவதற்குள் ஒரு படம் முடிந்துவிடும், இது இதுக்கு ஜோடி இல்லை, இதுக்கு இடுப்பு கொஞ்சம் மேலே இருக்கு என்று நாங்கள் சொன்னால் அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்பாள். வெட்டின துண்டின் பின்னால் நம்பர் எழுதச் சொல்லியிருந்தாள். நம்பர் எழுதினால் எங்களுக்கு நினைவில் நிற்கவில்லை, பதிமூன்று ஜோடி, பதிமூன்று வீடு, எனவே அந்தந்த வீட்டு ஆளின் பெயரை எழுதிவிட்டோம். ஏழாம் ஜோடி எஸ்தர், ஒன்பதாம் ஜோடி இருதயமேரி, எட்டாம் ஜோடி ரஞ்சிதம், எல்லாவற்றிலும் குட்டையான பதிமூன்றாம் ஜோடி சொர்ணத்தாய்.

ஓடைக்கு மேல்பக்கத்துத் தவளைக்கெல்லாம் பதிமூன்று ஜோடி சரியாக இருந்தது. கீழ்ப்பக்கத்துத் தவளைகளில் பன்னிரண்டுதான் இருந்தது. ஒன்றும் தொலைந்துபோகவில்லை, எப்போதோ ஒரு காலத்தில் எட்டாவது குச்சியும் பதிமூன்றாவது குச்சியும் முனையோடு முனை ஒட்டி ஒரே குச்சியாகிவிட்டன, இதைத்தான் தேடி வந்தேன் என்று டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தாள், இப்படி ஒட்டியும் பிய்ந்தும் திரும்பியும்தான் ஒரு தவளை பல தவளையாகிறது என்றாள். அந்த நீளக் குச்சியை அட்டையில் ஒட்டினது நான். அதன் கீழே பேனாவால் ரஞ்சிதம், சொர்ணத்தாய் என்று சேர்த்து எழுதினதும் நான், எழுதிவிட்டு நானும் இருதயமேரியும் வயிறு வலிக்கச் சிரித்தோம், ஏனென்றால் லைனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேர் உண்டென்றால் அவர்கள்தான். மறுநாள் காலையில்தான் என் சுவரில் வெயில் அடித்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை, இல்லை என்று சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

ரஞ்சிதம் சொர்ணத்தாயின் மருமகள். நடுவில் இருந்தவன் ஐயாத்துரை, சொர்ணத்தாயின் ஒரே மகன், எட்டாம் நம்பரில் பெண்டாட்டியோடு குடியிருந்தான், ஆனால் தினமும் சாயங்காலம் பதிமூன்றாம் நம்பரிலிருந்து அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், எட்டாம் நம்பர் வாசலில் பெண்டாட்டி தட்டை வைத்துக்கொண்டு நிற்பாள், இரண்டு பேர் சமையலும் நன்றாக இருக்கும், அதுதான் அவனுக்கு வந்த கேடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடி அமாவாசைக்கு முதல் நாள் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள், பெண்டாட்டி முட்டைக் குழம்பு வைத்திருந்தாள், எதற்கு எதிர் எது என்று லைனுக்கே தெரிந்திருந்தது. மறுநாள் காலையில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருந்தவன் தலை சுற்றிக் கீழே விழுந்து செத்துப்போனான். வயிற்றில் ஒரு பருக்கை இல்லை, முந்தின நாளிலிருந்தே சாப்பிடவில்லை என்று டாக்டர் சொன்னார். பெண்டாட்டி சோறு போடாமல் அனுப்பினாள் என்று சொர்ணத்தாயும், அத்தை சோறு போடாமல் அனுப்பினார் என்று ரஞ்சிதமும் சுடுகாட்டுப் பாதையிலேயே சொல்லிவிட்டார்கள், அதோடு பேச்சு நின்றது.

இதில் எங்களுக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சொர்ணத்தாய் எங்களிடம் அழும்போது, அங்கே சாப்பிட்டுவிட்டேன் என்றுதானே என்னிடம் சொன்னான் என்பாள், ரஞ்சிதமும் எங்களிடம் அழும்போது, அங்கே சாப்பிட்டுவிட்டேன் என்றுதானே என்னிடம் சொன்னார் என்பாள். இரண்டு பேர் மனசும் நோகக் கூடாது என்று அவன் இரண்டு பேரிடமும் பொய் சொல்லிவிட்டுப் பட்டினி படுத்திருக்கிறான். இரண்டையும் கேட்ட காது எங்களுடையது, சேர்த்துச் சொல்ல வாய்தான் வரவில்லை, சொன்னால் எந்தப் பக்கம் இடி விழுமோ என்று மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டோம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீடு ஒட்டின அன்று நாங்கள் போய்ப் பார்த்தபோது, ஒட்டின இடத்தில் சுவரும் இல்லை, சுவர் இருந்த தழும்பும் இல்லை, ஒரே நீளமான வீடு, ஒரு கோடியில் சொர்ணத்தாயின் அடுப்பு, மறு கோடியில் ரஞ்சிதத்தின் அடுப்பு, நடுவில் அம்மா வைத்திருந்த ஐயாத்துரையின் கட்டிலும் பெண்டாட்டி வைத்திருந்த ஐயாத்துரையின் கம்பளியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தன. உறியில் தயிர் சிந்தவில்லை, கோழி கூடக் கண்விழிக்கவில்லை. இரண்டு பேரும் எழுந்து, வீட்டைப் பார்த்து, ஆளுக்கொரு சேலையை எடுத்து நடுவில் திரை கட்டினார்கள், ஒரே இடத்தில் இரண்டு திரை. பிறகு வழக்கம்போலக் கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள்.

லைனும் நாலு நாளில் பழகிக்கொண்டது. தபால்காரர் எட்டாம் நம்பர் கடிதத்தைப் பழைய இடத்தில் புல்லில் வைத்துக் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போவார், ரஞ்சிதம் வேலை முடிந்து வந்து எடுத்துக்கொள்வாள். இருதயமேரி அங்கே துணிக்கொடி கட்டினாள். என் கிழக்குச் சுவருக்கு வெயில் ருசி பிடித்துவிட்டது, நான் அதன் அடியில் மிளகு காயவைத்தேன். பன்னிரண்டாம் நம்பர்க்காரர்கள் மட்டும், கோடியில் இருந்த வீட்டுக்கு அப்பால் இன்னொரு வீடு வந்ததில் தங்கள் வீட்டுக் காற்று போய்விட்டது என்று இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். மானேஜர் குடையோடு வந்து, கம்பெனி வீட்டை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்று சொல்லி, யார் மாற்றியது என்று கேட்டு, யாரும் மாற்றவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார். டீச்சர் மட்டும் அட்டையையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவள் முகம்தான் சரியாக இல்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் விரிசல் விட்டது. இரண்டு அடுப்பிலும் ஒரே நேரத்தில் தீ எரிந்துகொண்டிருந்தது, புகை இரண்டு கோடியிலும் தனித்தனியாக எழும்பியது, அப்போது கூரைத் தகரம் முனகுகிற சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே வந்தோம், பார்த்தால் வீட்டின் இரண்டு கோடியும் எதிரும் புதிருமாக ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது, முன்சுவரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அடுப்பு இரண்டும் கங்காக அடங்கினதும் நின்றது. மறுநாள் இரண்டும் எரிந்தபோது இன்னொரு விரல்கடை. டீச்சர் என்னைக் காப்பகத்துக்குக் கூட்டிப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள், ஊதா நிறத்தில் ஒரு குச்சி நடுவில் மெலிந்து நூலாகி அறுந்துகொண்டிருந்தது.

"அக்கா, ரெண்டு குச்சி ஒட்டுனா ரெண்டு இடுப்பு ஆயிடும்," என்றாள். "ரெண்டையும் பிடிச்சு ஆளுக்கொரு பக்கம் இழுத்தா நடுவுல அந்துரும். அந்த முட்டை பொரிக்காது. பொரிச்சு உயிரோட இருக்கிற தவளையில எல்லாம் ஒரு இடுப்புதான் இழுக்கும். இன்னொண்ணு சாகாது, அங்கேயேதான் இருக்கும், ஆனா சும்மா இருக்கும்."

அதோடு இன்னும் இரண்டு விஷயம் சொன்னாள். பிய்ந்தால் ஒட்டின இடத்தில் ஒழுங்காகப் பிய்யாதாம், கண்ட இடத்தில் பிய்யும், பிய்ந்த முனை சும்மா இருக்காமல் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதோடு போய் ஒட்டும், அது மறுபடியும் பிய்யும். நான் என் கிழக்குச் சுவரை நினைத்துக்கொண்டேன். சரி, இரண்டு இடுப்பும் சும்மா இருந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். இழுக்க ஆள் இல்லாத குச்சி எந்தப் பக்கமும் சேராமல் மிதந்து மிதந்து காணாமலே போய்விடும் என்றாள்.

நான் கேட்டதைப் பதினோரு வீட்டிலும் போய்ச் சொன்னேன், அதற்குத்தானே கடவுள் வாய் கொடுத்தார். அன்றிலிருந்து லைனில் இருந்தது ஒரே பேச்சுதான், எந்த அடுப்பு சும்மா இருப்பது. வெளியே இருக்கிறவர்களுக்கு இது ஒன்றுமில்லாத பேச்சாகத் தெரியலாம். எங்களுக்குத் தனி அடுப்பு என்றால் தனி ஆள், அடுப்பைக் கொடுப்பது என்றால் ஆளையே கொடுப்பது. என் மகனுக்கு நான் ஆக்கிப்போட்ட அடுப்பு இது, இதை அணைத்துவிட்டு நான் யார் என்று சொர்ணத்தாய் கேட்டாள். அவரோடு வாழ்ந்ததற்கு எனக்கு மிச்சம் இந்த அடுப்பு ஒன்றுதான் என்று ரஞ்சிதம் சொன்னாள். இரண்டு பேருமே திரையின் இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் நின்றுகொண்டு எங்களிடம்தான் சொன்னார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி எரித்துப் பார்த்தார்கள், விரிசல் வளராமல் நின்றது, ஆனால் மூடவும் இல்லை, அணைந்திருந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நாளைக்கு நாளைக்கு என்று நினைத்துக்கொண்டே இருந்தாள், அதற்கே தகரம் லேசாக முனகியது. கங்காணி வெள்ளைச்சாமி நடுவில் மூன்றாவதாகப் பொது அடுப்பு ஒன்று போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார், டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கடைசியில் எல்லோரும் டீச்சரையே பிடித்துக்கொண்டோம். தவளைக்கு எது சும்மா இருக்கிறது, நீளமானதன் இடுப்பா குட்டையானதன் இடுப்பா, எட்டா பதிமூன்றா, அதைக் கண்டுபிடித்துச் சொல், அதன்படி நடக்கட்டும் என்றோம். சொர்ணத்தாயும் தலையாட்டினாள், ரஞ்சிதமும் தலையாட்டினாள். பதினைந்து நாள் டீச்சர் நாற்காலிமேல் ஏறி ஏறிச் சொட்டு விட்டாள், இழுக்கிற இடுப்பை மட்டும் கருப்பாகக் காட்டுகிற ஒரு சாயத்தை ஊற்றினாள், கண்ணுக்குக் கீழே அவளுக்கே கருப்பு விழுந்துவிட்டது. நாங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரிக் காப்பக வாசலில் குந்தியிருந்தோம், சரிவு முழுக்க மஞ்சுக்குள்ளிருந்து தவளைகள் விரல் சொடுக்கிக்கொண்டே இருந்தன. ஆடி அமாவாசைக்கு முதல் நாள் அவள் வெளியே வந்து, நாற்பது தவளை பார்த்தேன், இருபத்தொன்றில் எட்டாவது சும்மா இருக்கிறது, பத்தொன்பதில் பதிமூன்றாவது சும்மா இருக்கிறது, இதற்கு ஒரு சட்டமும் கிடையாது என்றாள். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, ஆனால் அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆடி அமாவாசை ஐயாத்துரையின் நாள். அவனுக்குப் படையல் வைக்காமல் இருக்க இரண்டு பேராலும் முடியாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்கிற கணக்கெல்லாம் அன்றைக்கு எடுபடாது. காலையிலேயே தூறல், மஞ்சு தரையைத் தொட்டு நின்றது, இந்தக் கோடியில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனையும் அந்தக் கோடியில் முட்டைக் குழம்பு கொதிக்கிற வாசனையும் வந்து எங்கள் எல்லோருடைய மூக்கிலும் சண்டை போட்டன. உச்சிப்பொழுதுக்கு முன்னால் தகரம் அலற ஆரம்பித்தது. விரிசல் ஒரு கை நுழைகிற அளவுக்கு அகன்று, கட்டிலுக்கு அடியில் தரை பிளந்து, திரைச் சேலை இரண்டும் நடுவில் கிழிந்து தொங்கின. டீச்சர் ஓடிவந்து இரண்டு பேரையும் வெளியே வரச் சொல்லிக் கெஞ்சினாள். இரண்டு பேரும் கரண்டியை விடவில்லை. கிழிந்த சேலை வழியாக மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"அன்னைக்கு உன்கிட்ட என்னட்டி சொன்னான்?" என்று சொர்ணத்தாய் கேட்டாள்.

"உங்க வீட்டுல சாப்பிட்டாச்சுன்னு சொன்னாரு அத்தை."

"என்கிட்ட உன் வீட்டுல சாப்பிட்டாச்சுன்னு சொன்னான்."

வெளியே நின்ற நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். பிறகு சொர்ணத்தாய், "வீட்டை இழுக்கிற மாதிரிதான் அவனையும் இழுத்திருக்கோம்," என்றாள், சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துத் தன் அடுப்பில் தண்ணீரைக் கவிழ்த்தாள். அதே நேரத்தில் அந்தக் கோடியிலும் சுர்ரென்று சத்தம் கேட்டது, ரஞ்சிதமும் கவிழ்த்துவிட்டாள்.

விரிசல் மூடிக்கொண்டது. தகரம் அமைதியானது. அப்பாடா என்று நான் வாயைத் திறந்தேன், அதற்குள் வீடு அசைந்தது. எந்தப் பக்கமும் இழுப்பு இல்லாத வீடு, அஸ்திவாரத்தை விட்டு ஒரு சாண் எழும்பி, சோம்பலாக ஒரு முறை ஆடிவிட்டு, மஞ்சோடு மஞ்சாகச் சரிவில் இறங்க ஆரம்பித்தது. தேயிலைச் செடியின் தலையை உரசிக்கொண்டு போனது, ஓர் இலை ஒடியவில்லை, உரசின செடியில் இருந்த தவளை மட்டும் ஒரு நொடி சொடுக்குவதை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தது. கூரைமேல் இரண்டு கோழி உட்கார்ந்திருந்தன. நாங்கள் இரண்டு பக்கமும் தேர் கூடவே போகிறவர்கள் மாதிரி நடந்தோம். ஓடைக்கு அப்புறம் பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக மஞ்சு, அதற்குள் போனால் திரும்பி வராது என்று டீச்சர் அழுதுகொண்டே சொன்னாள்.

வீட்டுக்குள்ளே அப்போதும் சண்டைதான். நீ பத்த வை என்று மாமியாரும், நீங்கள் பத்த வையுங்கள் அத்தை என்று மருமகளும். மூன்று வருஷம் விட்டுக்கொடுக்காதவர்கள் இப்போது விட்டுக்கொடுப்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. தீப்பெட்டியும் நனைந்து போயிருந்தது, விறகும் நனைந்து போயிருந்தது. இப்படியே நின்றால் இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகக் காணாமல் போவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் திரும்பிச் சரிவில் ஏறி ஓடினேன், அந்த வயசில் நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது, என் அடுப்பிலிருந்து கங்குகளைக் கொட்டாங்கச்சியில் அள்ளி, முந்தானையால் தூறலை மறைத்துக்கொண்டு, மறுபடியும் இறங்கி ஓடி, நகர்ந்துகொண்டிருக்கிற வீட்டு வாசலில் நீட்டினேன். யாரிடம் கொடுக்கிறேன் என்று நான் யோசிக்கவில்லை. பெரியவள் என்று சொர்ணத்தாய் கையில்தான் கொடுத்தேன்.

அவள் கொட்டாங்கச்சியை வாங்கிக்கொண்டு தன் அடுப்பைப் பார்த்தாள். பிறகு அதைத் தாண்டினாள். கிழிந்த திரையைத் தாண்டி, மகனுடைய கட்டிலைத் தாண்டி, அந்த நீள வீட்டின் முழு நீளத்துக்கும் நடந்து போய், ரஞ்சிதத்தின் அடுப்பின் முன்னால் குந்தி, ஈரச் சாம்பலைக் கையால் ஒதுக்கிவிட்டு, கங்கைக் கொட்டி, மேலே உலர்ந்த சுள்ளி எதுவும் இல்லாததால் தன் கூடையில் இருந்த பழைய ஓலையைப் பிய்த்துப் போட்டு, கன்னம் உப்ப ஊதினாள். புகை வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அது புகையால் மட்டும் வந்தது இல்லை. தீ பிடித்தது. ஓடைக்கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது வீடு நின்று, தரையில் உட்கார்ந்தது.

ரஞ்சிதம் அப்போதும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். சொர்ணத்தாய் அடுப்பின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"பசிக்குதுட்டி," என்றாள். "மூணு வருசமாப் பசிக்குது. சோறு போடு."

அன்று படையல் இலையில் கருவாட்டுக் குழம்பும் இருந்தது, முட்டைக் குழம்பும் இருந்தது, ஒரே இலைதான். காக்கைக்கு வைத்த பிறகு லைனில் இருந்த எல்லோரும் ஓடைக்கரையில் நனைந்துகொண்டே உட்கார்ந்து சாப்பிட்டோம். டீச்சர் கருவாடு சாப்பிட மாட்டாள் என்று நினைத்தோம், அவள்தான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள்.

வீடு இப்போதும் அங்கேதான் இருக்கிறது, கதவைத் திறந்தால் ஓடை. லைனில் மேலே பதினொன்று, கீழே ஒன்று, ஆகப் பன்னிரண்டு. சொர்ணத்தாயின் அடுப்பை இடிக்கவில்லை, வெள்ளிக்கிழமை மெழுகிக் கோலம் போடுகிறார்கள், ஆனால் எரிப்பதில்லை. சாம்பலில் ஈரம் நிற்கிறதால் போன மழையில் ஒரு சொடுக்குத் தவளை அதன் மூலையில் முட்டை வைத்தது, இருபது நாளில் எள்ளளவு தவளைகள் அடுப்பின் விளிம்பில் வரிசையாக வந்து உட்கார்ந்தன, ஒரு முட்டை வீண்போகவில்லை. டீச்சர் புத்தகம் எழுதி டாக்டர் ஆகிவிட்டாள், புத்தகத்தில் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அட்டை ஒட்டிய பெண்களுக்கு நன்றி என்று மட்டும் போட்டிருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். அந்தத் தவளைகளில் எந்த இடுப்பு சும்மா இருக்கிறது என்று பார்க்கவில்லையா என்று நான் கேட்டேன், வேண்டாம் அக்கா, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

எங்கள் லைனில் ஒரே ஒரு பழக்கம்தான் புதிதாக வந்திருக்கிறது. யாராவது சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னால் இப்போது அப்படியே விடுவதில்லை, எந்த வீட்டில் என்று கேட்போம், வீட்டின் பெயரைச் சொன்னால் யாராவது ஒருத்தி எழுந்துபோய் அந்த வீட்டில் கேட்டுவிட்டு வருவோம்.